லாச்சப்பல் லாச்சிக்குள் ஒரு நோக்கியா

யாழ்ப்பாணத்து வீடுகளில் மேசை இழுப்பறையை லாச்சி என்போம். ஒல்லாந்தர் கோட்டையோடு விட்டுப்போன சொற்களில் ஒன்று. பாரிசில் தமிழ்க் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களை லாச்சப்பல் என்போம். பிரெஞ்சுக்காரரின் ‘லா ஷப்பெல்’ எங்கள் நாக்கில் அப்படித்தான் வந்து இறங்கியது. இரண்டுக்கும் ஒலியைத் தவிர உறவில்லை. ஆனால் லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வந்துபோகிற, இருபது வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் இருக்கிற ஒரு வீட்டின் லாச்சியை இழுத்துப் பாருங்கள். எந்தக் கதவுக்கென்று தெரியாத சாவிகள், காலம் முடிந்த வதிவிட அட்டை, கோயில் திருநீற்றுப் பொட்டலம், இவற்றுக்கடியில் பெரும்பாலும் ஒரு நோக்கியா கிடக்கும்.

என் லாச்சியில் கிடப்பது 1100. சாம்பல் நிறம், ரப்பர் பொத்தான்கள், தலையில் ஒரு டார்ச். மாதக்கணக்கில் தொடாமல் விட்டு, தடித்த பின் சார்ஜரைத் தேடிப்பிடித்துச் செருகினால், இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றும் அந்தப் படம் இன்றைக்கும் திரையில் வருகிறது. போனில் ஒரு பழுதும் இல்லை. அது பேசவேண்டிய காற்றைத்தான் நிறுத்தப் போகிறார்கள். ஆரஞ்ச், எஸ்.எஃப்.ஆர்., புய்க் என்ற பிரான்சின் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் மூன்றும் 2026 முடிவதற்குள் 2ஜி வலையமைப்பை அணைத்துவிடுவதாக அறிவித்திருக்கின்றன. 1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தின் முன்னாள் பிரதமர் ஹர்ரி ஹோல்கேரி நோக்கியா கட்டிக்கொடுத்த வலையமைப்பில் உலகின் முதல் ஜிஎஸ்எம் அழைப்பைப் பேசினார். அந்த அலைதான் அணையப்போகிறது.

போன் விற்ற நோக்கியா அதற்கு முன்பே போய்விட்டது. 1998-ல் மோட்டோரோலாவை முந்தி உலகின் முதலிடத்தில் ஏறியது, 2012-ல் சாம்சங்கிடம் அந்த இடத்தை இழந்தது, 2014-ல் போன் வியாபாரத்தையே கைகழுவியது. எப்படி இது நடந்தது என்று ஹெல்சின்கியிலும் சிலிக்கன் பள்ளத்தாக்கிலும் இருந்து எழுதிய புத்தகங்கள் ஏராளம். லாச்சப்பலில் நின்று பார்த்தால் கதை வேறு மாதிரித் தெரிகிறது. இன்னும் தெற்கே, ஸ்ரீபெரும்புதூரில் நின்று பார்த்தால் அதுவும் வேறு.

குரல் விற்ற தெரு

சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.இ.ஆர். ரயில் ஆளைக் கொண்டுவந்து கார் து நோர் நிலையத்தில் இறக்குகிறது. வெளியே வந்து கொஞ்சத் தூரம் மேலே நடந்தால் ஃபோபூர் சன் தெனி தெருவின் உச்சி. 1983-க்குப் பிறகு பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் இந்தத் தெருவிலும், இதை வெட்டிப்போகும் ரூ காய், ரூ பெர்தொனே, ரூ லூயி பிளாங்கிலும் கடை போட்டார்கள். சரக்குத்தூள், முருங்கைக்காய், சீலை, தாலிக்கொடி, வீடியோக் கசட். தொடக்கத்திலிருந்தே இவற்றோடு இன்னொரு சரக்கும் விலைப்பட்டது. ஊரிலிருக்கும் ஆட்களின் குரல்.

முதலில் தெருவோரக் கண்ணாடிக் கூண்டுகள். பிறகு ‘தக்சிஃபோன்’ என்று பிரெஞ்சில் பெயர் வைத்துக்கொண்ட தொலைபேசிக் கடைகள். உள்ளே மரப்பலகை அடைத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர், கல்லாவில் ஓடும் மீட்டர். அடுத்து, சுரண்டி எண்ணை எடுக்கும் கோலிங் கார்ட். அட்டையில் அச்சடித்திருந்த நிமிடங்கள் முழுதாகக் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. எந்தக் கார்டில் கொழும்புக்குத் தெளிவாகக் கேட்கும், எது நடுவில் அறுக்கும் என்பது அந்தக் காலத்து லாச்சப்பலின் பொது அறிவு.

மறுமுனையின் பாடு இதைவிட மோசம். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. வன்னிக்குக் கேட்கவே வேண்டாம். பிள்ளையின் குரல் கேட்க வேண்டுமென்றால் தாய் பாஸ் எடுத்து, சோதனைச்சாவடி தாண்டி, வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வர வேண்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜில் தங்கி, ‘கொமினிகேசன்’ கடை வாங்கில் குந்தியிருந்து, கடிதத்தில் குறித்த நேரத்துக்கு மணி அடிக்கும் என்று காத்திருக்க வேண்டும். அடித்தால், “கார்ட் முடியப்போகுது, கெதியாச் சொல்லுங்கோ” என்ற அவசரத்தில் பாதி நேரம் போய்விடும். மீதியை அழுகை எடுத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் நோக்கியா உள்ளே வந்தது. பிரெஞ்சுக்காரர் கைபேசியைப் போர்த்தாப்ள் என்பார்கள். எங்களுக்கும் அதே பெயர்தான் ஒட்டிக்கொண்டது. 2000-ன் கடைசியில் வந்த 3310 உலகம் முழுக்க 12.6 கோடி விற்றதாகக் கணக்கு. அதில் இந்தத் தெருக்களின் பங்கை யாரும் எண்ணவில்லை. உணவகத்தின் நிலவறையில் ‘பிளோஞ்ச்’ அடிக்கிற, அதாவது கோப்பை கழுவுகிற ஆளின் சட்டைப்பையில் அது இருந்தது. ஈரக்கையால் எடுத்தது, படியில் விழுந்தது, மூடி ஒரு பக்கம் பட்டரி ஒரு பக்கமாகத் தெறித்தது. பொறுக்கிப் பூட்டினால் மறுபடி வேலை செய்தது. பட்டரி நாள் கணக்கில் நின்றது. ஆறு பேர் ஒரு அறையில் படுக்கிற வீட்டில், ஒரேயொரு மின்செருகிக்கு வரிசை நிற்கிற வீட்டில், அந்த ஒரு குணம் போதும்.

வெளியாட்களுக்கு எளிதில் புரியாத விசயம் ஒன்றும் உண்டு. விசா இல்லாத, சொந்த முகவரி இல்லாத ஆளுக்கு அந்த எண்தான் முகவரி. வேலைக்கு ஆள் வராத நாளில் முதலாளி அடிப்பது அந்த எண்ணுக்கு. வழக்கறிஞரின் மொழிபெயர்ப்பாளர் அடிப்பதும் அதற்குத்தான். அறை மாறலாம், பெயர்கூடச் சிலருக்கு மாறியது. எண் மாறக்கூடாது.

நோக்கியாவுக்கு இந்த மாதிரி மனிதனைத் தெரிந்திருந்தது என்பதுதான் வியப்பு. 2003-ல் வந்த 1100-ஐ இந்தியா போன்ற நாடுகளின் புழுதிக்கும் வியர்வைக்கும் மின்வெட்டுக்கும் என்றே வடிவமைத்தார்கள். தூசு புகாத பொத்தான் பலகை, கை நழுவாத பக்கங்கள், டார்ச். 25 கோடிக்கு மேல் விற்றது. உலகில் அதைவிட அதிகம் விற்ற கைபேசி இல்லை. 2007-ல் வந்த 1200, 1208 மாதிரிகளில் ஒரே போனைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தனித்தனி முகவரிப் புத்தகமும், பேசிய காசைக் காட்டும் கணக்கும் வைத்தார்கள். ஏழையின் கையைப் படித்த நிறுவனம் அது. அதனால்தான் அதன் வீழ்ச்சி எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஒரு நவம்பர், 399 யூரோ

1865-ல் காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கி, ரப்பர் பூட்ஸ், கேபிள், தொலைக்காட்சி என்று பலதும் செய்த நிறுவனம் நோக்கியா. எல்லாவற்றையும் உதறிவிட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றையே பிடித்தது 1992-ல் தலைமைக்கு வந்த யோர்மா ஒல்லிலாவின் காலத்தில். 2000-ல் ஃபின்லாந்தின் மொத்தப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் இந்த ஒரே நிறுவனத்திலிருந்து வந்தது. ஒரு வீட்டின் அடுப்பு முழுதும் ஒரு பிள்ளையின் சம்பளத்தில் எரிவது மாதிரி.

ஸ்மார்ட்போன் நோக்கியாவுக்குப் புதிதும் அல்ல. 1996-லேயே கம்யூனிகேட்டர், 2002-ல் கேமராவோடு 7650, 2007-ல் என்95. அந்த என்95-ல் ஜிபிஎஸ் இருந்தது, 3ஜி இருந்தது, 5 மெகாபிக்சல் கேமரா இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் காட்டிய ஐஃபோனில் இதில் முதல் இரண்டும் இல்லை, கேமராவும் 2 மெகாபிக்சல்தான். செயலிக் கடைகூட அடுத்த ஆண்டுதான் வந்தது. பட்டியல் போட்டுப் பார்த்தால் நோக்கியா தோற்க நியாயமே இல்லை.

2007 நவம்பர் கடைசியில் ஆரஞ்ச் நிறுவனம் ஐஃபோனைப் பிரான்சில் இறக்கியது. ஒப்பந்தத்தோடு 399 யூரோ. சாம்ஸ் எலிசே கடையில் வரிசை நின்றது. அந்த வரிசையைப் பற்றி லாச்சப்பலில் கதைத்தவர்கள் குறைவு. அது பணக்காரர் விளையாட்டு என்றே பட்டது. நோக்கியாவின் ஆட்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் உலகில் விற்ற பத்துக் கைபேசியில் நான்கு நோக்கியா. ஸ்மார்ட்போனை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய பாதி.

கோளாறு உள்ளே இருந்தது. சிம்பியன் என்ற அதன் இயங்குதளம் பொத்தான் காலத்துக்குக் கட்டிய வீடு. தொடுதிரைக்கு என்று அதில் சுவரை இடிக்க இடிக்கக் கூரை ஆடியது. ஒரு மாதிரிக்கு எழுதிய மென்பொருள் அடுத்த மாதிரியில் ஓடாது. வெளியார் செயலி எழுத நினைத்தால் தலைவலி. இதை அறிந்த பொறியாளர்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தார்கள். பிறகு ஏன் மேலே போய்ச் சேரவில்லை?

இந்தக் கேள்விக்கு நான் படித்ததில் நல்ல பதில், பாரிசுக்குத் தெற்கே ஃபொந்தேன்புளோவில் தொடங்கிய இன்சியாட் நிர்வாகக் கல்லூரியின் குய் ஹுய், ஃபின்லாந்தின் ஆல்தோ பல்கலைக்கழகத்துத் திமோ வூரி என்ற இரண்டு ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. நோக்கியாவின் மேல், நடு மட்ட மேலாளர்கள், பொறியாளர்கள், வெளி நிபுணர்கள் என்று 76 பேரைப் பேட்டி கண்டார்கள். அவர்கள் கண்டெடுத்தது ஒரு சொல்: பயம். மேலே இருப்பவர்களுக்குப் போட்டியாளர்மீதும் பங்குதாரர்மீதும் பயம். நடுவில் இருப்பவர்களுக்கு மேலே இருப்பவர்மீது பயம். முடியாது என்று சொன்னவனுக்குப் பெயர் கெடும், முடியும் என்று சொன்னவனுக்கு ஆளும் பணமும் கிடைக்கும். ஆகவே எல்லாரும் முடியும் என்றார்கள். ஊர்ச் சங்கக் கூட்டம் ஒன்றிலாவது இருந்து பார்த்தவர்களுக்கு இது ஃபின்லாந்துக்கே உரிய நோய் இல்லை என்று தெரியும்.

2010 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டிலிருந்து ஸ்டீபன் இலோப் தலைமைக்கு வந்தார். ஃபின்லாந்துக்காரர் அல்லாத முதல் தலைவர். 2011 பிப்ரவரியில், தீப்பிடித்த எண்ணெய்க் கிணற்றுமேடையில் நிற்கும் மனிதன் பனிக்கடலில் குதிப்பதா எரிந்து சாவதா என்று யோசிக்கும் கதையைச் சொல்லி ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சில நாட்களில் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. குதித்தது சரியா என்பது இன்றைக்கும் வாதம். குதித்த முறை தவறு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. புதுப் போன் கடைக்கு வர நவம்பர் ஆகும் என்ற நிலையில், கடையில் இருக்கும் போனுக்கு எதிர்காலமில்லை என்று பிப்ரவரியிலேயே முதலாளியே தம்பட்டம் அடித்தால் எந்த வியாபாரி அதை வாங்கி அடுக்குவான்? நவம்பரில் லூமியா வந்தது. அழகான போன்தான். 2012 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இன்னொரு குண்டைப் போட்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் ஃபோன் 8, ஏற்கெனவே லூமியா வாங்கியவர்களுக்குக் கிடைக்காது.

அதே 2012 ஜூன் 30 அன்று பிரான்ஸ் தன் மினிடெல்லை நிறுத்தியது. இணையத்துக்கு முன்பே பிரெஞ்சு வீடுகளில் ரயில் சீட்டு எடுக்கவும் முகவரி தேடவும் உதவிய, உச்சத்தில் 90 லட்சம் பெட்டிகளாக வீட்டுக்கு வீடு இருந்த கருவி. தான் நன்றாகச் செய்த ஒன்றைவிட்டு நகர முடியாமல் நிற்பது என்னவென்று இந்த நகரத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

2013 செப்டம்பரில் போன் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்கும் முடிவு. உரிமங்களோடு சேர்த்து 544 கோடி யூரோ, கூடவே ஏறக்குறைய 32,000 ஊழியர்கள். 2014 ஏப்ரல் 25 அன்று கைமாறியது. இலோப்பும் மைக்ரோசாஃப்டுக்கே திரும்பினார், 1.88 கோடி யூரோ கொடுப்பனவோடு. அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது.

முகம் கேட்ட சனம்

ஐஃபோன் நோக்கியாவைக் கொன்றது என்பார்கள். அது பாதிக் கதை. சாம்ஸ் எலிசேயின் வரிசையில் நின்றவர்கள் நோக்கியாவின் மேல்மாடியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அத்திவாரத்தை எடுத்தது லாச்சப்பல் மாதிரித் தெருக்கள்.

தொலைபேசி வியாபாரத்தில் எங்கள் ஆட்களும் அப்போது பெரிய கைகளாகிவிட்டிருந்தார்கள். கோலிங் கார்டில் தொடங்கி, ஐரோப்பாவில் குடியேறியவர்களுக்கு வெளிநாட்டு அழைப்பை மலிவாக விற்கும் சிம் கார்டுக்கு வளர்ந்தவர்கள். 2001-ல் தொடங்கிய லெபாரா மூன்று இலங்கைத் தமிழர்களின் பெயர் முதலெழுத்துகளைக் கோத்த பெயர். அல்லிராஜா சுபாஸ்கரனின் லைகாமொபைல் 2006-ல் தொடங்கியது. சனம் பிரெஞ்சு சிம் ஒன்று, ஊருக்குப் பேச மலிவு சிம் ஒன்று என்று இரண்டு வைத்திருந்தது. கழற்றிக் கழற்றிப் போட்டதில் சிம் தேய்ந்தது. இந்தியாவிலும் இதே நிலைதான், இலவச நிமிடங்களுக்காக இரண்டு சிம், மூன்று சிம். சீனத் தயாரிப்புகளும் மைக்ரோமாக்சும் இரட்டை சிம் போனைக் குவித்துக்கொண்டிருந்தபோது நோக்கியா தயங்கி நின்றது. 2010-ல் அறிவித்து, 2011-ல்தான் ஒழுங்காக இறங்கியது. ஏழையின் கையை அவ்வளவு நன்றாகப் படித்தவர்கள் அவன் சட்டைப்பையில் கிடந்த இரண்டாவது சிம்மைக் கவனிக்காமல் விட்டதை என்னவென்று சொல்வது!

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வைபர் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. 2012 ஜனவரி 10 அன்று ‘ஃப்ரீ’ என்ற நிறுவனம் 2 யூரோ மாதக் கட்டணத்தோடு பிரெஞ்சுச் சந்தையில் புகுந்து பெரிய மூவரையும் விலை குறைக்க வைத்தது. மலிவு ஆன்ட்ராய்டு போன் கைக்கு வந்தது. ஊரிலிருக்கும் தாயின் குரலுக்கு இனிக் காசில்லை. குரல் மட்டுமில்லை, முகமும் தெரிகிறது. பின்னால் முற்றம் தெரிகிறது, முற்றத்து மாமரம் தெரிகிறது. பிளோஞ்ச் அடிக்கிற ஆள் ஐஃபோனுக்கு ஆசைப்பட்டு நோக்கியாவை விடவில்லை. பட்டரி நாள் கணக்கில் நிற்பதை, விழுந்தாலும் உடையாததை, எல்லாவற்றையும் அவன் விட்டது அந்த முற்றத்தைப் பார்க்க. பேரப்பிள்ளையைத் திரையில் காட்டச்சொல்லிக் கேட்கும் அம்மாவுக்கு, “என்ர போனில முகம் தெரியாதம்மா, ஆனால் டார்ச் இருக்கு” என்று எத்தனை நாளைக்குச் சொல்வது?

தக்சிஃபோன் அறைகளின் பலகை கழன்றது. அதே கடைகள் போன் உறையும் திரைக் கண்ணாடியும் விற்கத் தொடங்கின. நோக்கியாவின் விலையை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று பார்க்க ஒரு கணக்குப் போதும். 32,000 பேரோடு அதன் போன் பிரிவு 544 கோடி யூரோவுக்குக் கைமாறப் போகும் வேளையில், 2014 பிப்ரவரியில் ஃபேஸ்புக் வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. விலை 1,900 கோடி டாலர். ஊழியர்கள் 55 பேரளவில். 2017 ஜூன் 30 அன்று வாட்ஸ்அப் பழைய சிம்பியன் நோக்கியாக்களில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. அடுத்த ஆண்டின் கடைசி நாளில் எஸ்40 வகைப் போன்களுக்கும் கதவடைப்பு.

பட்டரிக்கடியில் எழுதியிருந்த ஊர்

பாரிசில் வாங்கிய நோக்கியாவின் பட்டரியைக் கழற்றினால் ஃபின்லாந்து என்றோ ஹங்கேரி என்றோ எழுதியிருக்கும். சென்னைக்குப் போய்வந்தவர்கள் வாங்கிவந்த போன்களில் இந்தியா என்றிருந்தது. அந்த இந்தியா ஸ்ரீபெரும்புதூர். ஈழத்தமிழர் நடுவில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் 1991 மே மாதம் நினைவுக்கு வந்து பேச்சு தடைப்படும். வைணவர்களுக்கு இராமானுசர் பிறந்த ஊர். 2006-லிருந்து எட்டு ஆண்டுகள் காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பிளஸ் டூ முடித்த பெண்களுக்கு அது நோக்கியா.

2005 ஏப்ரலில் ஜெயலலிதா அரசோடு ஒப்பந்தம். 2006 ஜனவரியில் உற்பத்தி தொடங்கியது. சிப்காட்டில் 210 ஏக்கர் சிறப்புப் பொருளாதார மண்டலம், சலுகை விலையில் நிலம், வரி திருப்பித்தரும் ஏற்பாடு. சுற்றிலும் ஃபாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் போன்ற உதிரிப்பாக நிறுவனங்கள். உச்சத்தில் நேரடியாக மட்டும் ஏறக்குறைய 8,000 பேர். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் இருபதைத் தாண்டாதவர்கள் அல்லது அப்போதுதான் தாண்டியவர்கள். அதிகாலை இருட்டில் கிராமத்துச் சந்தியில் வந்து நிற்கும் கம்பெனி பஸ் அந்த மாவட்டங்களின் புதுக் காட்சி. வீட்டின் முதல் மாதச் சம்பளக்காரி பெண்ணாக இருந்தது அதைவிடப் புதுசு.

எல்லாம் இனிப்பாக இருந்ததென்று சொல்லவில்லை. 2010-ல் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் நடந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 இரவு ஓர் இளம்பெண் ஊழியர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். உலகத்தின் மிக மலிவான போனை உலகத்தின் மிக வேகமான வரிசையில் கோப்பதற்கு ஒரு விலை இருந்தது, அதை யார் கொடுத்தார்கள் என்பதும் தெரிந்ததுதான்.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை தொழிற்சாலைக்குள் நுழைந்தது. ஃபின்லாந்துத் தாய் நிறுவனத்துக்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2,080 கோடி ரூபாய் கேட்டது. ஏற்றுமதி என்று காட்டிய போன்கள் உள்நாட்டில்தான் விற்றன என்று சொல்லி 2014-ல் தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. நோக்கியா இரண்டையும் மறுத்தது. சொத்து முடக்கப்பட்டது. ஆலையை மைக்ரோசாஃப்டுக்கு மாற்ற வேண்டுமானால் 3,500 கோடிக்கு உத்தரவாதம் வேண்டும் என்ற நிபந்தனையை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தளர்த்த மறுத்தது. விளைவு, ஏப்ரல் 25 அன்று உலகம் முழுக்க இருந்த ஆலைகளில் பெரும்பாலானவை மைக்ரோசாஃப்டுக்குப் போயின, ஸ்ரீபெரும்புதூர் போகவில்லை. தாய்வீடும் இல்லை, புகுந்த வீடும் இல்லை என்ற நிலை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 5,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். பெயர்தான் விருப்பம். ஒப்பந்த அடிப்படையில் வாங்கிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் அதையும் நிறுத்த, 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது.

தமிழ்நாட்டில் இன்றைக்கும் வரிதான் நோக்கியாவை மூடியது என்று ஒரு கட்சி, கம்பெனி ஏமாற்றிவிட்டு ஓடியது என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் போதாது. ஜெர்மனியின் போஹம் ஆலையை 2008-ல் மூடி, சம்பளம் குறைந்த ருமேனியாவின் குளூஷுக்குப் போனார்கள். ருமேனியாவை 2011-ல் மூட முடிவெடுத்தார்கள். 2012-ல் ஃபின்லாந்தின் சாலோ, அதாவது சொந்த வீடு. அங்கெல்லாம் வருமான வரித்துறை கதவு தட்டவில்லை. வாங்கிய மைக்ரோசாஃப்டே இரண்டு ஆண்டில் கைவிட்ட வியாபாரம் அது. வரி வழக்கு இல்லாதிருந்தால் ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் ஒன்றிரண்டு ஆண்டு கிடைத்திருக்கலாம். அந்த ஒன்றிரண்டு ஆண்டுச் சம்பளம் ஒரு தங்கையின் படிப்போ திருமணமோ ஆகியிருக்கும் என்பதையும் மறக்கவில்லை. வழக்கு 2018-ல் இரு நாட்டு அரசுகளின் பேச்சில் முடிந்தது, நோக்கியா ஏறக்குறைய 1,600 கோடி ரூபாய் கட்டியது. வேலை போன பெண்களுக்கு அந்தக் கணக்கில் வரவும் இல்லை, செலவும் இல்லை.

கட்டடம் சும்மா கிடக்கவில்லை. ஒருகாலத்தில் நோக்கியாவுக்குச் சார்ஜர் செய்து கொடுத்த சால்காம்ப் 2019-ன் கடைசியில் அந்த வளாகத்தையே வாங்கும் அறிவிப்பு வந்தது. இப்போது அதன் பெரிய வாடிக்கையாளர் ஆப்பிள். பக்கத்து ஃபாக்ஸ்கானில் 2022 செப்டம்பரிலிருந்து ஐஃபோன் 14 கோத்தார்கள். பஸ் அதே சந்தியில் நிற்கிறது, ஏறுவது அடுத்த தலைமுறைப் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபோது, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தவர்கள் அவர்கள்தான்.

கடலுக்கடியில்

நோக்கியா சாகவில்லை என்று சொன்னால் லாச்சப்பலில் சிரிப்பார்கள். போனை விற்ற கையோடு, தலைவர் ரிஸ்தோ சீலாஸ்மாவின் காலத்தில், அது பிரான்சின் அல்காத்தெல்-லூசென்ட்டை 1,560 கோடி யூரோவுக்கு வாங்கியது. பிரெஞ்சுத் தொலைபேசித் தொழிலின் பெருமையாக இருந்த நிறுவனம் 2016 ஜனவரியிலிருந்து ஃபின்லாந்துக்காரர் கையில். பாரிசுக்கு அருகிலும் பிரித்தனியின் லான்னியோனிலும் பொறியாளர்கள் இன்று வேலை செய்வது நோக்கியாவுக்காக. பிரிந்துபோன போன் பெயர் வேறு வழியில் சென்றது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் 35 கோடி டாலருக்குச் சாதாரணப் போன் வியாபாரத்தை விற்க, எச்எம்டி என்ற ஃபின்லாந்து நிறுவனம் நோக்கியா பெயரை வாடகைக்கு எடுத்து 2017-ல் 3310-க்கும், 2024-ல் 3210-க்கும் மறுபிறவி கொடுத்தது. பிரான்சின் ஆரம்பப் பள்ளிகளிலும் கொலேஜ் என்னும் நடுநிலைப் பள்ளிகளிலும் போன் பாவிக்க 2018 சட்டம் தடை போட்டிருக்கிறது. அதனால் பிள்ளைக்குப் பேச மட்டும் ஒரு பொத்தான் போன் போதும் என்று தேடுகிற பெற்றோர் உண்டு, அந்தப் பெயர் அவர்களிடம் விலைபோகிறது. இளசுகள் திரை விரதம் இருக்க வாங்குகிறார்கள். எங்கள் வறுமை அவர்களுக்கு விரதம்.

அல்காத்தெல்லோடு நோக்கியாவுக்கு இன்னொன்றும் வந்தது. கலே துறைமுகத்தில் கடலடிக் கேபிள் செய்யும் தொழிற்சாலை. 2005 டிசம்பரில் திறந்த சீ-மீ-வீ 4 என்ற கேபிளை அல்காத்தெல்லும் ஜப்பானின் ஃபுஜிட்சுவும் சேர்ந்து போட்டன. மார்செய்யில் கடலில் இறங்கி, 18,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, சிங்கப்பூரில் முடிகிறது. வழியில் கரையேறும் ஊர்களில் இரண்டு, கொழும்பும் சென்னையும். கோலிங் கார்ட் காலத்துக் கடைசி அழைப்புகளும் பிறகு வந்த வாட்ஸ்அப் முகங்களும் போய்வந்த வழிகளில் ஒன்று. கையிலிருந்த நோக்கியாவைத் தூக்கிப்போட்ட சனம், கடலுக்கடியில் அதன் தோளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கேபிள் நிறுவனத்தின் 80 சதவீதத்தையும் 2024 முடிவில் பிரெஞ்சு அரசு வாங்கிக்கொண்டது. இப்படிப்பட்ட சொத்தை அந்நியர் கையில் விடக்கூடாது என்று அரசுகளுக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கழற்றக்கூடிய பட்டரியும் திரும்பி வருகிறது. 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் கருவிகளின் பட்டரியை, சில விலக்குகள் தவிர, பாவிப்பவரே கழற்றிமாற்ற வசதி இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பிளோஞ்ச்காரர் படியில் போட்டு உடைத்துப் பொறுக்கிப் பூட்டிய அதே வித்தை.

என் 1100-ஐ இந்தக் கட்டுரைக்காக எடுத்துச் சார்ஜ் போட்டேன். முகவரிப் புத்தகத்தில் பெயர்களை ஆங்கில எழுத்தில் சுருக்கி வைத்திருக்கிறேன்: வீட்டுக்குச் சொந்தக்காரர், கோலிங் கார்ட் கடை, வவுனியா மாமி. 2009 வசந்தத்தில் பாரிஸ் தெருக்களில் நின்ற நாட்களில் வந்த குறுஞ்செய்திகள் சில இன்னும் அழியாமல் உள்ளே இருக்கின்றன. இன்ன இடத்துக்கு வாருங்கள், இன்னாரின் தொடர்பு கிடைத்ததா, இவ்வளவுதான். எந்தப் புதுப் போனுக்கும் அவற்றை மாற்ற வழி தெரியாமல்தான் இதை வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்த எண்களில் பாதிக்கு மேல் இனி எடுப்பார் இல்லை.

திரையின் ஓரத்தில் அலைக்கோடுகள் இன்னும் நான்கு நிற்கின்றன. அவை போன பிறகும் ‘C’ பொத்தானை அழுத்திப் பிடித்தால் டார்ச் எரியும். லாச்சியில் தொலைந்த சாவியைத் தேட அது போதும்.